நாணுச் சுவை: தமிழ்த் திரைப்படங்களில் தீநெறிப் பெண் பாத்திரங்களும் அவற்றை நுகரும் உள்ளமும்

ஆய்வுச் சுருக்கம்

குடும்பத்தைக் கெடுப்பவளாகவும் பொருளைப் பறிப்பவளாகவும் படைக்கப்பட்ட பெண் பாத்திரங்களைத் தமிழ்த் திரைப்படம் நெடுங்காலமாகக் கண்டித்து வந்துள்ளது. பார்வையாளரோ அவற்றைக் கண்டித்துக்கொண்டே விரும்பியும் வந்துள்ளனர். வெளியில் சொல்ல நாணப்படும் இவ்விருப்பத்தை இக்கட்டுரை 'நாணுச் சுவை' எனப் பெயரிட்டு ஆராய்கிறது. ஹரிதாஸ் (1944), மனோகரா (1954), இரத்தக்கண்ணீர் (1954) ஆகிய படங்களின் தீநெறிப் பெண் பாத்திரங்கள் முதன்மைத் தரவுகளாகின்றன. மந்திரிகுமாரி (1950), படையப்பா (1999) ஆகியன ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்குப் பேராசிரியர் வகுத்த உரை நெறி ஆய்வுக் கருவியாகிறது. இச்சுவை ஹாலிவுட்டிலிருந்து வந்த இறக்குமதி அன்று என்பதும், இதில் நாணத்தக்கது எது என்பதை நாம் இடம் மாற்றிக் கொண்டுள்ளோம் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச் சொற்கள்: மெய்ப்பாடு, மிகைக்கோலம், நாணுச் சுவை, பரத்தை, விறலிவிடு தூது, காந்தா, வசந்தசேனை, மந்திரிகுமாரி, தெருக்கூத்து.

1. முன்னுரை

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த கட்டுரையாளரின் பாட்டி, 'இரத்தக்கண்ணீர்' தொலைக்காட்சியில் வரும் நாள்களில் வேலைகளை முன்னதாகவே முடித்துவிடுவார். காந்தா திரையில் தோன்றியதும் வசை தொடங்கும். காந்தா வாய் திறந்ததும் வீட்டிலுள்ளோர் எவரும் பேசக் கூடாது. நல்லவளான சந்திரா கண்ணீர் வடிக்கும் காட்சி வந்தால், அடுப்பைப் பார்த்து வர எழுந்து போவார். "இவ்வளவு திட்டுகிறாயே, பிறகு ஏன் ஆயா பார்க்கிறாய்?" என்று கேட்டால் விடை வராது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

அந்தச் சிரிப்பே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல். பாத்திரத்தை வெறுப்பதும் அதன் வருகைக்குக் காத்திருப்பதும் ஒரே உள்ளத்தில் எவ்வாறு நிகழ்கின்றன? இலக்கியத் திறனாய்வு இத்தகைய படங்களை அறக்கருத்து, சமூகச் சீர்திருத்தம், பெண்ணிய நோக்கிலான கண்டனம் ஆகிய மூன்று வழிகளில் அணுகுவது வழக்கம். இம்மூன்றும் இன்றியமையாதவை. எனினும் பாட்டியின் சிரிப்பை இம்மூன்றும் விளக்கவில்லை. நுகர்வோர் மகிழ்ந்ததைக் கணக்கில் கொள்ளாத ஆய்வு, பனுவல் ஏன் நிலைத்தது என்பதைச் சொல்ல இயலாது.

2. கலைச்சொல் விளக்கம்

ஒருவர் தம் மதிப்பீடுகளுக்கு ஒவ்வாதது என அறிந்தே ஒன்றைச் சுவைத்து, அதனைப் பிறரிடம் ஒப்புக்கொள்ள நாணும் நிலையை 'நாணுச் சுவை' எனலாம். 'நாணு' என்னும் வடிவம் புதிதன்று. திருக்குறளின் 'நாணுத்துறவுரைத்தல்' என்னும் அதிகாரப் பெயரில் அது பயின்று வந்துள்ளது.

அளவு கடந்த ஒப்பனை, உரத்த குரல், நீண்ட வசனம், நம்புதற்கரிய திருப்பம் ஆகியன ஒன்றுசேர, காண்போர் அதன் மிகையை உணர்ந்தே மகிழும் அழகியலை 'மிகைக்கோலம்' எனச் சுட்டலாம். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொண்டாக் 1964இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இவ்வழகியலைத் திறனாய்வுக்குரிய பொருளாக்கியது. செயற்கையின்பால் கொள்ளும் காதல் என்பது அவர்தம் விளக்கத்தின் மையம். தமிழில் கூத்து மரபை அறிந்தோர்க்கு இக்கருத்து வியப்பளிக்காது.

இவ்விரு சொற்களையும் இணைக்கும் கருவியைப் பேராசிரியர் உரை தருகிறது. மெய்ப்பாடு தோன்றும் முறையை அவர் நான்கு நிலைகளாகப் பகுப்பார். சுவைக்கப்படும் பொருள், அதனைப் பொறிவழி நுகரும் உணர்வு, அது மனத்தில் பட்டவழி எழும் குறிப்பு, குறிப்பின் விளைவாக உடம்பில் தோன்றும் விறல் என்பன அவை. பொதுவாகக் குறிப்பும் விறலும் ஒத்தே நிற்கும். அச்சம் மனத்தில் எழுந்தால் உடல் நடுங்கும். துயரம் எழுந்தால் கண்ணீர் வரும். நாணுச் சுவையில் இவ்விரண்டும் பிரிகின்றன. உள்ளத்துக் குறிப்பு உவகையாகவும் உடம்பின் விறல் வெகுளியாகவும் நிற்கின்றன. பாட்டியின் வாய் திட்டியது, கண் அகலவில்லை. இந்தப் பிரிவே நாணுச் சுவையின் இலக்கணம் எனலாம்.

3. ஹாலிவுட் மரபு: ஓர் ஒப்புநோக்கு

அமெரிக்கத் திரைப்படத்தில் இவ்வகைப் பாத்திரத்தின் தொடக்கமாக 1915இல் வெளிவந்த 'ஏ ஃபூல் தேர் வாஸ்' படத்தைக் குறிப்பர். அதில் ஆடவனை உறிஞ்சி அழிப்பவளாக நடித்த தீடா பாராவால் 'வேம்ப்' என்னும் சொல் பரவியது. குருதி குடிக்கும் பேயைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம் அது.

1930இல் அமெரிக்கத் திரைத்துறை தனக்கென ஒரு நெறிமுறைத் தொகுப்பை ஏற்றது. 1934 முதல் அது கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்டது. தீமை கவர்ச்சியுடன் முடிதல் கூடாது, குற்றத்திற்குத் தண்டனை வேண்டும் என்பன அதன் அடிப்படை. பார்பரா ஸ்டான்விக் நடித்த 'பேபி ஃபேஸ்' (1933), வங்கி ஒன்றில் ஆடவர் பலரைப் படிக்கட்டாக்கி ஒரு பெண் மேலே ஏறும் கதை. தணிக்கைக்காக மாற்றி வெளியிடப்பட்ட இப்படத்தின் மாற்றப்படாத படி, 2004இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சேகரிப்பில் கண்டறியப்பட்டது. ஜீன் டியர்னி நடித்த 'லீவ் ஹர் டு ஹெவன்' (1945) படத்தில், கணவனின் இளைய தம்பி நீரில் மூழ்குவதைக் கருப்புக் கண்ணாடி அணிந்து படகில் அமர்ந்தபடியே ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்த்தவர் நினைவில் அந்தக் கருப்புக் கண்ணாடி தங்கிவிடுகிறது.

இறுதியில் தண்டனை உறுதி என்பதால், அதற்கு முன் நிகழ்வனவற்றை அச்சமின்றிச் சுவைக்க இப்படங்கள் இடமளித்தன. முடிவுக் காட்சியின் அறம், முன்னைய காட்சிகளின் இன்பத்திற்குக் கட்டிய சுங்கம் போன்றது. சுங்கம் செலுத்தியபின் சரக்கு தடையின்றி ஊருக்குள் செல்லும். தமிழ்ப் படங்களிலும் இச்சுங்க முறை உண்டு. ஆயின் யார் சுங்கம் செலுத்துகிறார் என்பதில் வேறுபாடு உண்டு. அதனைக் காண்பதற்குமுன் தமிழ் இலக்கிய மரபில் இப்பாத்திரத்தின் வேர்களை நோக்குதல் வேண்டும்.

4. பரத்தை கூற்று முதல் தாசிகள் மோசவலை வரை

சங்க மருதத் திணையில் பரத்தைக்குக் கூற்று உண்டு. குறுந்தொகை 8ஆம் பாடல் ஆலங்குடி வங்கனார் பாடியது. காதற்பரத்தை கூற்றாக அமைந்தது. எம் இடத்தில் பெருமொழி பேசும் தலைவன், தன் வீட்டில் மனைவி சொன்னபடியெல்லாம் ஆடுகிறான் என அவள் எள்ளுகிறாள். தலைவியின் தோழியர் கேட்கும்படி இவ்வாறு பேசுவதாகத் துறை அமைந்துள்ளது. நல்லவள் முன்னிலையில், தலைவனைச் சிறுமைப்படுத்தி, சுவைபடப் பேசும் மாற்றாள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் குரல் பெற்றுவிட்டாள். அப்பாடல் அவளைத் தண்டிக்கவில்லை என்பது கருதத்தக்கது. சிலப்பதிகாரமும் மாதவியைத் தீயவளாக்கவில்லை. கணிகையர் குலத்தில் பிறந்தும் கோவலன் ஒருவனையே எண்ணி வாழ்ந்து துறவு பூண்டவளாகவே அவளைக் காப்பிய மரபு நிறுத்துகிறது.

மாற்றம் பிற்காலச் சிற்றிலக்கியத்தில் தெளிவாகிறது. சுப்ரதீபக் கவிராயர் இயற்றிய கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது இவ்வகையின் புகழ்பெற்ற நூல். மனைவியைப் பிரிந்து வந்தவன் தாசியிடம் மயங்குகிறான். தாய்க்கிழவி மகளுக்குப் பொருள் பறிக்கும் உத்திகளைக் கற்பிக்கிறாள். பொருள் தீர்ந்ததும் அவன் வெளியேற்றப்படுகிறான். பின்னர் வள்ளல் ஒருவரிடம் பரிசில் பெற்று, மனைவியின் ஊடல் தணிக்க விறலியைத் தூது விடுகிறான். கதையின் நோக்கம் எச்சரிக்கை. அதன் நீளம் வேறு செய்தி சொல்கிறது. தாய்க்கிழவியின் அறிவுரையும் தாசியின் சாகசமும் விரிந்து செல்ல, மனைவியிடம் திரும்புதல் சுருங்கி முடிகிறது. எச்சரிக்கையைச் சாக்காகக் கொண்டு எச்சரிக்கப்பட்ட பொருளையே விரித்துரைக்கும் உத்தி இங்கு முழு வடிவம் பெற்றுவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வடிவத்தைச் சீர்திருத்தக் கருவியாக்கியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். தேவதாசி மரபின் கொடுமையை உள்ளிருந்து அறிந்த அவர் எழுதிய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' 1936இல் வெளிவந்தது. சூழ்ச்சிகளைத் தோலுரிப்பது நூலின் நோக்கம். ஆயினும் அம்மரபை விட்டு வெளியேற விழையும் பெண்களுக்கும் அந்நாவலில் இடமுண்டு. கண்டனத்தோடு விடுதலையையும் சேர்த்துப் பேசியதே அதன் தனித்தன்மை. சென்னை மாகாணத்தில் கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுதலைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது. திரையில் தாசிப் பாத்திரம் உச்சம் பெற்ற காலமும், நிலத்தில் தாசி முறை சட்டப்படி முடிவுக்கு வந்த காலமும் ஒன்றே.

5. ரம்பா, வசந்தசேனை, காந்தா

சுந்தர்ராவ் நட்கர்னி இயக்கிய ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பெற்றோரையும் மனைவியையும் புறக்கணித்துத் தாசி ரம்பாவிடம் செல்வத்தை இழக்கும் ஹரிதாஸ் பின்னர்த் திருந்திப் பக்தனாகிறான். எம்.கே. தியாகராஜ பாகவதர் ஹரிதாஸாகவும் டி.ஆர். ராஜகுமாரி ரம்பாவாகவும் நடித்தனர். படம் பெற்றோர் பக்தியைப் போதிக்கிறது. பக்திப் பாடல்களுக்கு இணையாகப் பார்வையாளர் நினைவில் நின்றதோ, பாகவதர் பாட ராஜகுமாரி ஆடும் சிருங்காரக் காட்சி. போதனையும் மயக்கமும் ஒரே நுழைவுச்சீட்டில் கிடைத்தன.

பத்தாண்டு கழித்து அதே ராஜகுமாரி மனோகராவில் வசந்தசேனையானார். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திற்கு மு. கருணாநிதி திரைக்கதை வசனம் எழுத, எல்.வி. பிரசாத் இயக்கினார். அரசனை மயக்கி அரண்மனையை ஆளும் வசந்தசேனைக்கு எதிரில், அரசி பத்மாவதியாக நிற்பவர் பி. கண்ணாம்பா. ஜூபிடர் நிறுவனத்தின் 'கண்ணகி' (1942) படத்தில் கண்ணகியாக நடித்தவரும் அவரே. எனவே பார்வையாளர் திரையில் கண்டது இரு நடிகையரை மட்டுமன்று. கண்ணகிக்கும் கணிகைக்கும் இடையிலான பழைய எதிர்நிலை மீண்டும் அரங்கேறியது. வசந்தசேனை என்னும் பெயரும் நோக்கத்தக்கது. சூத்ரகரின் வடமொழி நாடகமான மிருச்சகடிகத்தில் அப்பெயருடைய கணிகை பெருந்தன்மையுள்ளவள். ஏழை சாருதத்தனை விரும்பித் தன் அணிகளையும் ஈபவள். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியாரின் 'மண்ணியல் சிறுதேர்' வழி அவளைத் தமிழுலகம் அறியும். அப்பெயர் தமிழ் மேடையிலும் திரையிலும் சூழ்ச்சிக்காரியின் பெயராக மாறி நிலைத்தது.

இரத்தக்கண்ணீர் இவற்றினும் சிக்கலானது. திருவாரூர் கே. தங்கராசு எழுதி எம்.ஆர். ராதா மேடையேற்றிய நாடகம் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1954இல் படமாயிற்று. வெளிநாடு சென்று திரும்பிய மோகனசுந்தரம், மனைவி சந்திராவைப் புறக்கணித்துக் காந்தாவிடம் பொருளிழக்கிறான், தொழுநோய் பற்றுகிறது, காந்தாவால் துரத்தப்படுகிறான், இறுதியில் சந்திராவை நண்பன் பாலுவுக்கு மணமுடிக்கிறான். காந்தாவாக நடித்தவர் எம்.என். ராஜம்.

பொருள் தீர்ந்தவனை வெளியேற்றும் கட்டம் வரை இது விறலிவிடு தூதின் கதையமைப்பே. மாற்றம் அதன்பின் நிகழ்கிறது. சாமர்செட் மாம் நாவலைத் தழுவிய 'ஆஃப் ஹ்யூமன் பாண்டேஜ்' (1934) என்னும் ஹாலிவுட் படத்தை இங்கு ஒப்பிடலாம். பெட்டி டேவிஸ் ஏற்ற மில்ட்ரெட் என்னும் பாத்திரம், தன்னை விரும்பும் கால் ஊனமுற்ற ஆடவனை இழித்துரைக்கிறது. காந்தாவின் இழித்துரைக்கு இது மிக நெருங்கியது. ஆனால் மில்ட்ரெட் நோயுற்று இறக்கிறாள். இரத்தக்கண்ணீரில் நோய் ஆடவன் உடலில் இறங்குகிறது. முற்பகுதியின் சுங்கத்தை ஹாலிவுட்டில் பெண் செலுத்தினாள்; இங்கு மோகனசுந்தரம் தன் உடலால் செலுத்துகிறான். ஆணின் ஆணவத்தை எள்ளுவதே பகுத்தறிவு நாடகமான இதன் நோக்கம் என்பதால் இவ்வேறுபாடு தோன்றியிருக்க வேண்டும்.

பாட்டியின் சிரிப்புக்கு இங்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. எள்ளல் என்பது தான் பிறரை எள்ளுதலும் பிறரால் தான் எள்ளப்படுதலும் என இருவகைப்படும் என்பார் பேராசிரியர். காந்தா மோகனசுந்தரத்தை எள்ளுகிறாள். படித்தவன், பணக்காரன், மனைவியை மதியாதவன் என்னும் ஆடவர் அதிகாரம் முழுவதையும் அவள் வாய்ச்சொல் தரையில் போடுகிறது. கணவனிடம் குரலுயர்த்திப் பேசும் வாய்ப்பற்ற ஒரு தலைமுறைப் பெண்கள் அந்தச் சொற்களைக் காந்தாவின் வாயால் கேட்டனர். காந்தா கெட்டவள் என்று முன்னரே தீர்ப்பாகிவிட்டதால், கேட்பவள்மீது பழி வாராது. வெகுளி என்னும் விறலைப் போர்த்திக்கொண்டு உவகை என்னும் குறிப்பு பாதுகாப்பாக அமர்ந்திருந்தது.

இப்படத்திற்கு ஒரு குறையும் உண்டு. சந்திராவுக்கு மறுமணம் தரும் அளவுக்குத் துணிந்த பனுவல், காந்தாவுக்கு எந்த வாயிலையும் திறக்கவில்லை. 1936இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேசிய விடுதலை, 1954இன் காந்தாவை எட்டவில்லை. புரட்சியும் நல்லவளின் வாசலோடு நின்றுவிட்டது.

6. வட்டாரப் பின்புலம்: கூத்துக்களமும் சேலத்துத் தளமும்

தருமபுரி மாவட்டம் 02.10.1965இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அதற்குமுன் இவ்வட்டார மக்களுக்கு மாவட்டத் தலைநகர் சேலமே. 1935இல் டி.ஆர். சுந்தரம் அங்கு நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், சென்னைக்கு வெளியே தமிழ்த் திரைப்படத்தின் பெருந்தளமாக விளங்கியது. இம்மக்களுக்குத் திரைப்படம் தொலைதூரத்து அதிசயமாக மட்டும் இருக்கவில்லை; பக்கத்து ஊரில் உருவாகும் பொருளாகவும் இருந்தது.

அந்நிறுவனத்தின் மந்திரிகுமாரி (1950) இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. மு. கருணாநிதி வசனம் எழுதிய இப்படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்றவர் அவர். ஹாலிவுட்டின் மண்ணில் தொழில் கற்றவர் சேலத்தில் எடுத்த படத்தின் கதைக்கருவோ பௌத்தக் காப்பியமான குண்டலகேசி. முழுமையாகக் கிடைக்காத அக்காப்பியத்தின் கதையை நீலகேசி உரை வழி அறிகிறோம். பத்திரை என்னும் வணிகர் மகள் கள்வன் ஒருவனை விரும்பி மணக்கிறாள். ஊடலில் அவள் கள்வன் என விளையாட்டாகச் சொல்ல, அவன் சினந்து அவளைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். இறக்குமுன் வலம்வந்து வணங்க விழைவதாகக் கூறி, அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். பின்னர்ச் சமயவாதம் புரிந்து பௌத்தத் துறவியாகிறாள்.

படத்தில் மந்திரியின் மகள் அமுதவல்லியாக மாதுரிதேவியும், கொள்ளையனாகிய கணவன் பார்த்திபனாக எஸ்.ஏ. நடராஜனும் நடித்தனர். கணவனைக் கொல்லும் பெண்ணைப் பார்வையாளர் நாணமின்றி ஆதரித்த அரிய இடம் இம்மலையுச்சிக் காட்சி. காந்தா சொல்லால் செய்ததினும் கொடிதான ஒன்றை அமுதவல்லி கையால் செய்கிறாள். ஆயினும் அவள் தீநெறிப் பெண் எனப்படுவதில்லை. தீநெறி என்பது செயலைப் பொறுத்தே அமைவதில்லை, செய்பவள் பத்தினியா கணிகையா என்னும் நிலையைப் பொறுத்தும் அமைகிறது என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது. காப்பியத் தலைவி கொலைக்குப்பின் வாதத்தில் வல்லவளாகும் பகுதியைப் படம் எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. தள்ளும் கையைத் திரை ஏற்றது. வாதிடும் நாவை ஏற்கவில்லை.

இவ்வட்டாரத்தின் மற்றொரு பள்ளி தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நிகழ்ந்து படுகளத்தில் நிறைவுறும். துரியோதனன் அழிவான் என்பதை அறியாதார் களத்தில் எவருமிலர். இருந்தும் அவன் திரைக்குப் பின்னிருந்து தன் பெருமையை முழங்கி வெளிப்படும் வரவுக்கே கூட்டம் விழித்திருக்கும். தோளணியும் கிரீடமும் உரத்த அடவும் கூடிய அந்த வரவு மிகைக்கோலத்தின் தூய வடிவம். பெண் வேடத்தையும் ஆடவரே புனையும் அக்களத்தில், பெண்மை என்பதே புனைந்து காட்டப்படும் கோலம் என்பதைப் பார்வையாளர் அறிவர். இவ்வாறு பழகிய கண்களுக்கு வசந்தசேனையின் நிமிர்ந்த கழுத்தும் நீண்ட வசனமும் குறையாகத் தோன்றா. அது கூத்தின் வரவு, அவ்வளவே. டென்ட்டுக் கொட்டகையில் தடுப்புக்கு அப்பால் மணலில் அமர்ந்து படம் பார்த்த பெண்கள், ஹாலிவுட்டை அறியாமலேயே இவ்வழகியலில் தேர்ச்சி பெற்றிருந்தனர்.

7. நீலாம்பரி: மரபின் பின்னீட்சி

கே.எஸ். ரவிக்குமார் இயக்கிய படையப்பாவில் (1999) ரம்யா கிருஷ்ணன் ஏற்ற நீலாம்பரி இம்மரபின் பின்னைய வடிவம். கல்கியின் பொன்னியின் செல்வனில் வரும் நந்தினியை மனத்தில் கொண்டே இப்பாத்திரம் உருவானதாக ரஜினிகாந்த் பொதுமேடையில் கூறியுள்ளார். அந்நாவல் தொடராக வெளிவந்த 1950 முதல் 1954 வரையிலான காலமே மந்திரிகுமாரி தொடங்கி இரத்தக்கண்ணீர் வரையிலான காலமும் ஆகும் என்பது கருதத்தக்கது.

நீலாம்பரி தாசி அல்லள். செல்வக்குடியில் பிறந்து வெளிநாட்டில் படித்தவள். அவள் குற்றம் பொருள் பறித்தலன்று. தானே முன்வந்து ஒருவனை விரும்பியதும், மறுக்கப்பட்டபின் பணியாததும் ஆகும். 18 ஆண்டுகள் ஓர் அறையில் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும் அவள், இறுதியில் நாயகனின் மன்னிப்பை ஏற்பதைவிட இறப்பதைத் தேர்கிறாள். ஆடவரை இகழும் அரசியை அருச்சுனன் சூழ்ச்சியால் மணக்கும் அல்லியரசாணி மாலையின் கதை இங்கு நினைவுக்கு வரும். அல்லி அடங்கினாள், நீலாம்பரி அடங்கவில்லை. நாயகன் அவளுக்குப் பெண்ணிலக்கணம் போதிக்கும் காட்சிகளுக்கு அரங்கில் கைதட்டல் எழுந்தது. படம் முடிந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் நீலாம்பரி தனித்து நினைக்கப்படுகிறாள். போதனையைக் கைதட்டி ஏற்றவரும் போதிக்கப்பட்டவளையே நினைவில் கொண்டனர்.

8. சுவையின் விலை

இதுவரை கூறியவற்றால் நாணுச் சுவை தீங்கற்றது என்னும் எண்ணம் எழலாம். அவ்வாறு முடிப்பது நேர்மையாகாது. திரையரங்கை விட்டு இப்பாத்திரங்கள் பெயர்களாக வெளியேறின. எதிர்த்துப் பேசும் மருமகளும் தனித்து வாழும் பெண்ணும் சம்பாதித்து முடிவெடுக்கும் மகளும் 'காந்தா' என்றும் 'வசந்தசேனை' என்றும் 'நீலாம்பரி' என்றும் அழைக்கப்படுவதை நம் ஊர்களில் கேட்கலாம். பாத்திரத்தைச் சுவைத்தவர் அச்சுவைக்குரிய சுங்கத்தை உண்மைப் பெண்கள்மீது இறக்கிவிடுகின்றனர். காந்தாவின் பேச்சைக் கேட்க வீட்டையே அமைதியாக்கிய பாட்டியும், தெருவில் உரக்கப் பேசிய ஒரு பெண்ணை அப்பெயரிட்டு ஏசியதைக் கட்டுரையாளர் கேட்டதுண்டு.

பொட்டுக்கட்டும் முறை சட்டத்தால் முடிந்தபோது, அம்மரபில் பிறந்த பெண்கள் புதிய வாழ்வைத் தேடிக்கொண்டிருந்தனர். அதே காலத்தில் திரை அவர்தம் சாயலைச் சூழ்ச்சிக்காரியாக நிலைப்படுத்தியது. சுவைக்கு ஒரு விலை இருந்தது. அதனைச் சுவைத்தவர் தரவில்லை.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன:

தீநெறிப் பெண் பாத்திரத்தின்பால் தமிழ்ப் பார்வையாளர் கொண்ட விருப்பம் ஹாலிவுட்டின் நிழலன்று. பரத்தை கூற்று, விறலிவிடு தூது, கூத்தின் வரவு ஆகியவற்றில் அதன் வேர்கள் உள்ளன.

உள்ளத்துக் குறிப்பும் உடம்பின் விறலும் பிரிந்து நிற்பதே நாணுச் சுவையின் இயல்பு. பேராசிரியரின் உரை நெறி இதனை விளக்கப் போதுமானது. திரைப்பட நுகர்வை ஆராய மெய்ப்பாட்டியல் இன்றும் பயன்படும் கருவி என்பதற்கு இது சான்று.

அறம் போதிக்கும் முடிவுக் காட்சி இன்பத்தைத் தடுப்பதில்லை, அதற்கு வழிவிடுகிறது. இரத்தக்கண்ணீரில் ஆடவன் தண்டனை பெறுவது ஹாலிவுட் மரபிலிருந்து வேறுபடும் கூறு. ஆயினும் காந்தாவுக்கு மீட்சி தராதது அதன் எல்லை.

நாணுடைமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வள்ளுவர் நாணத்தை இரண்டாகப் பிரிக்கிறார். தகாத செயலுக்காக நாணுதல் ஒன்று. மகளிர்க்குரியதாகச் சொல்லப்படும் நாணம் வேறு. காந்தாவைப் பார்க்கையில் இதுவரை நாம் கொண்ட நாணம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அவளிடம் இல்லாத பெண்ணாணத்தை எண்ணி, அவளை விரும்பியதற்காக நாம் நாணினோம். உண்மையில் நாணத்தக்கது முதல் வகையைச் சார்ந்தது. திரையில் அவள் பேச்சைச் சுவைத்துவிட்டு, தெருவில் அவ்வாறு பேசியவளை அவள் பெயரால் ஏசிய செயலே அது. பாட்டி முந்தானையால் வாயை மூடியிருக்க வேண்டிய இடம் தொலைக்காட்சியின் முன் அன்று, தெருவில்தான்.